தள்ளுவண்டிக்காரி

ரிவர்ஸ் என்ற பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது, எங்கள் வீட்டு பீரோவுக்குள் விமானம் இறங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில். என் பட்டன் ஃபோன் அடித்தது. எடுத்தால் ஓர் ஆண் குரல். அதற்குப் பின்னால் காதைப் பிய்க்கிற இரைச்சல்.

"ரிவர்ஸ் இருக்காங்களா?"

"அப்படி யாரும் இங்க இல்லப்பா. ராங் நம்பர்."

"வச்சிடாதீங்கம்மா. அவங்க ஃபோனுக்குப் போட்டா போகவே மாட்டேங்குது. அவசரத்துக்கு அத்தை நம்பர்னு இதைத்தான் எழுதிக் குடுத்திருக்காங்க. நாளைக்கு ஷிஃப்ட் மாறியிருக்குன்னு சொல்லணும்."

அத்தை என்ற சொல்லில்தான் எனக்கு உறைத்தது. ஃபோனைக் கையில் பிடித்தபடி உள்ளறையை எட்டிப் பார்த்தேன். பீரோவின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்து, அதற்கு எதிரே சாப்பாட்டு மேசை நாற்காலியைப் போட்டு என் தம்பி மகள் உட்கார்ந்திருந்தாள். வலது கையில் உடைந்த குடையின் கைப்பிடி. இடது கை, ஸ்டூல் மேல் நிறுத்தி வைத்த டார்ச் லைட்டை மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தது.

"கடைக்குட்டி, உன்னை யாரோ ரிவர்ஸ்னு கூப்பிடறாங்கடி."

அவள் திரும்பவே இல்லை. "ஆயிரம் அடி, அத்தை. ரெண்டு நிமிஷம் இருக்கச் சொல்லுங்க."

"ரிவர்ஸ் ஆயிரம் அடியில இருக்காளாம்பா" என்றேன் ஃபோனில்.

அந்த மனிதர் அசரவில்லை. "சரிம்மா. இறங்கினதும் கூப்பிடச் சொல்லுங்க."

எங்கள் அப்பாவுக்கு நாங்கள் ஐந்து பிள்ளைகள். எங்கள் ஐந்து பேருக்கும் சேர்த்துப் பதினோரு பிள்ளைகள். மூத்த பத்துப் பேரும் பல் டாக்டர், கணக்கு டீச்சர், ரேஷன் கடை, ரெடிமேட் கடை என்று வரிசையாகத் தரையைப் பிடித்துக்கொண்டவர்கள். அவர்களுக்குப் பிறகு ஒன்பது வருஷ இடைவெளி விட்டுப் பிறந்தவள் இவள். இவளுடைய அப்பா என் கடைசித் தம்பி, லிஃப்ட் மெக்கானிக். பள்ளி விடுமுறை நாட்களில் இவளையும் வேலைக்குக் கூட்டிப்போவான். உயரக் கட்டடங்களின் உச்சியில் லிஃப்டுக்கு ஒரு மோட்டார் அறை இருக்கும். அவன் உள்ளே கிரீஸ் போடுவான். இவள் வெளியே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஏழு வயதில் ஒருநாள் என்னிடம் வந்து கேட்டாள்: "அத்தை, அப்பா லிஃப்ட் ஏன் மாடியோட நின்னுடுது?" எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. அன்றைக்கே பதில் சொல்லியிருந்தால் பீரோவாவது மிஞ்சியிருக்கும் என்பாள் அவளுடைய அம்மா.

பீரோ விஷயம் இதுதான். விமானத்தின் முன்னறையில் எத்தனை பொத்தான், எத்தனை முள் உண்டோ, அத்தனையும் அளவு மாறாமல் அச்சடித்த பெரிய படம் ஒன்றை, கதவுகளின் உட்பக்கத்திலும் நடுத்தட்டிலும் வெட்டி ஒட்டியிருக்கிறாள். கதவைச் சாத்தினால் பீரோ. திறந்தால் விமானம். மேலே தொங்குகிற சட்டைகளுக்குக் கீழே உயரம் காட்டுகிற முள், புடவை அடுக்குக்கு இடதுபக்கம் பெட்ரோல் காட்டுகிற முள். பெட்ரோல் இல்லை அத்தை, மண்ணெண்ணெய் மாதிரி ஒன்று என்று பத்து தடவை திருத்திவிட்டாள். எனக்குப் பெட்ரோல்தான் வாயில் வருகிறது. தினமும் ஒரு மணி நேரம் அங்கே உட்காருவாள். உட்காரும் முன் தன் ஃபோனை ஃப்ளைட் மோடில் போட்டுவிடுவாள். விளையாட்டுக்கு இல்லை. உண்மையிலேயே விதி அப்படி என்பதால்.

அந்த ஒரு மணி நேரத்தில் வீட்டில் யாருக்கும் துணி கிடைக்காது. என் தம்பி மனைவி ஈரக் கையோடு வாசலில் வந்து நிற்பாள். "ஏண்டி, ஒரு துண்டு எடுக்கணும். ப்ளேன் எங்க இருக்கு?"

"இறங்கிட்டே இருக்கும்மா. ஓடுபாதை தெரியுது."

"சீக்கிரம் இறக்கு. முகம் காய்ஞ்சு போச்சு."

நான் ஐந்தாவதோடு நின்றவள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது. ஓர் அட்டையில் தமிழ் எழுத்தில் வரிசையாக எழுதித் தந்திருந்தாள். நான் ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும், அவள் அந்தந்தப் படத்தைத் தொட்டுப் பதில் சொல்ல வேண்டும். "பி-ளா-ப்-சு" என்பேன். அது இறக்கையின் பின்பக்கத் தட்டாம். "வச்சாச்சு" என்பாள். "சக்கரம்" என்பேன். "இறங்கிருச்சு, மூணு பச்சை லைட்டு" என்பாள். ஒருநாள் சக்கரத்தை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். "அத்தை, வயித்தால தரையில இறங்க வச்சிட்டீங்க" என்று நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். அதற்குப் பிறகு நான் எதையும் விட்டதில்லை.

இன்னொரு பழக்கம். எதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்வாள். "ரெண்டு பால், ஒரு தயிர், வரும்போது ஊசி" என்றால், "ரெண்டு பால், ஒரு தயிர், ஊசி" என்பாள். வானத்தில் கேட்டதைத் திருப்பிச் சொல்லாவிட்டால் கேட்கவில்லை என்று அர்த்தமாம். இது கடைக்குப் போகும்போது சௌகரியம். சண்டை போடும்போது எரிச்சல்.

"உனக்கு இருபத்தாறு ஆச்சு. காலாகாலத்துல ஒரு கல்யாணத்தைப் பண்ணணும்" என்றாள் அவள் அம்மா ஒருநாள்.

"இருபத்தாறு. கல்யாணம். கேட்டுச்சு."

"கேட்டுச்சுன்னா என்னடி அர்த்தம்?"

"கேட்டுச்சுன்னு அர்த்தம்மா. செய்யறேன்னா அதுக்கு வேற வார்த்தை இருக்கு."

அந்த வேறு வார்த்தையை அவள் இன்றுவரை அம்மாவிடம் சொன்னதில்லை.

படிப்பெல்லாம் ஒழுங்காகத்தான் முடித்தாள். இருநூற்றுப் பத்து மணி நேரம் பறந்து, லைசென்ஸ் கைக்கு வந்த மாதத்தில்தான் விமானக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. ஒன்று மூடியே போனது. இன்னொன்று இருக்கிற பைலட்டுகளையே வீட்டில் இருக்கச் சொன்னது. அவளோடு படித்தவர்கள் பதினெட்டுப் பேர். ஒருத்தி இன்ஷூரன்ஸ் பிடிக்கிறாள். ஒருவன் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறான். ஒருவன் ஜிம் வைத்து, ஆட்களுக்குக் கையைக் காலைத் தூக்கக் கற்றுக்கொடுக்கிறான். ஃபோனில் 'ரன்வே' என்று ஒரு குழு வைத்திருந்தார்கள். முதல் வருஷம் அதில் ராத்திரி பகல் பார்க்காமல் "எப்ப எடுப்பாங்க?" என்ற கேள்வி. இரண்டாம் வருஷம் பிறந்தநாள் வாழ்த்து மட்டும்.

இதில் ஒரு முடிச்சு இருந்தது. லைசென்ஸ் வாங்கி மூன்று வருஷத்துக்குள் வேலையில் சேர்ந்தால்தான் கம்பெனிகள் ஏற்கும். தாண்டிவிட்டால் கை மறந்திருக்கும் என்பது அவர்கள் எண்ணம். பிறகு முதலிலிருந்து படித்து வர வேண்டும். அதற்கு எங்கள் வீட்டில் வழி இல்லை. அந்த மூன்று வருஷம் முடிகிற தேதியை, பீரோவுக்குள் உயரம் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். துண்டு எடுக்கப் போகிறவர்கள் எல்லோருக்கும் அந்தத் தேதி மனப்பாடம்.

லைசென்ஸ் வாங்கி எட்டு மாதம் ஆனபோது ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள்: "வேலை கிடைச்சிருக்கு. தள்ளுவண்டி ஓட்டப் போறேன்."

அதை அவள் அவளுடைய சித்தியிடமும் ஃபோனில் சொல்லிவைத்தாள். அவ்வளவுதான். பொழுது சாய்வதற்குள் ஐந்து வீட்டுக்கும் செய்தி போய்விட்டது: பைலட்டுக்குப் படித்த பெண் தள்ளுவண்டி வைத்துவிட்டாள்! பல் டாக்டர் என்னை அழைத்து, "பெரியம்மா, என்ன விக்கிறா?" என்று துக்கம் விசாரிப்பதுபோலக் கேட்டான். இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் என் இரண்டாவது தம்பி நேரிலேயே வந்துவிட்டான். பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"இதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்லைம்மா. என் கடை வாசல்லயே போட்டுக்கோ. நல்ல நிழல். போலீஸ்காரனை நான் பாத்துக்கறேன்."

"பெரியப்பா, என் வண்டி உங்க கடை வாசல்ல நிக்காது."

"ஏம்மா, எவ்ளோ பெரிய வண்டி?"

"வண்டி சின்னதுதான். அது தள்ளுற சாமான்தான் எழுபது டன்னு."

விமானத்துக்குத் தானாகப் பின்னால் போகத் தெரியாது. கட்டடத்தைப் பார்த்து மூக்கை நீட்டி நிற்கிற அதை, முன்சக்கரத்தில் கம்பி மாட்டிப் பின்னால் தள்ளி, திருப்பி, ஓடுபாதைக்குப் போகிற வழியில் விட வேண்டும். அதற்கென்று குட்டையாக, தவளை மாதிரி ஒரு வண்டி. அதைத்தான் தள்ளுவண்டி என்று அவள் சொன்னது. என் தம்பி ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத் தலையாட்டினான். ஆனாலும் படியிறங்கும்போது என் காதில், "நிழல் வேணும்னா சொல்லச் சொல்லு" என்றுதான் சொல்லிவிட்டுப் போனான்.

அங்கே அவளுக்கு வைத்த பெயர்தான் ரிவர்ஸ். பைலட் லைசென்ஸ் வைத்துக்கொண்டு பின்னால் மட்டுமே போகிறவள். பெயர் வைத்தவர் அவளுடைய சூப்பர்வைசர். என் ஃபோனில் முதலில் பேசியவர். அவருக்கு மற்றவர்கள் வைத்த பெயர் விசில். எஞ்சின் இரைச்சலில் யாருக்குமே கேட்காத விசிலை நாள் முழுக்க ஊதுவாராம்.

"கோபம் வரலையாடி?" என்று கேட்டேன்.

"எதுக்கு அத்தை? எவ்ளோ பெரிய கேப்டனா இருந்தாலும் நான் வந்து தள்ளினாத்தான் கிளம்புவாரு. பிரேக் எடுங்கன்னு நான் சொல்லணும், அவர் எடுத்தாச்சுன்னு சொல்லணும். போடுங்கன்னு நான் சொல்லணும், அவர் போட்டாச்சுன்னு சொல்லணும். இவ்ளோ மரியாதை உங்க பல் டாக்டருக்குக்கூடக் கிடையாது."

அந்த வேலையில் அவளுக்கு ரொம்பப் பிடித்த நிமிஷம் ஒன்று உண்டு. தள்ளுவதற்கு முன் முன்சக்கரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு பின் செருகுவாள். அது இருக்கிறவரை பைலட் சக்கரத்தைத் திருப்ப முடியாது. தள்ளி முடித்ததும் பின்னை உருவி, அதில் கட்டிய சிவப்பு நாடா தொங்க, பைலட் கண்ணுக்குப் படுகிற இடத்துக்கு நடந்து போய்க் கையை உயர்த்திக் காட்டுவாள். மேலேயிருந்து பைலட் கையசைப்பார். அதற்குப் பிறகுதான் விமானம் நகரும். "உங்க பூட்டு என் கையில இருக்கு, போயிட்டு வாங்கன்னு அர்த்தம் அத்தை." சொல்லும்போது சாப்பிடுகிற கை மேலே போய்விடும். கரண்டியோ பென்சிலோ, கையில் இருப்பதைத் தூக்கிக் காட்டுவாள்.

கம்பெனிகள் படுத்த காலத்தில் ஓட்டம் இல்லாத விமானங்களை ஓரமாக வரிசையாய் நிறுத்தி, எஞ்சின் வாய்க்குச் சிவப்பு மூடி போட்டிருந்தார்கள். அவள் சேர்ந்த அன்று அப்படி இருபத்துமூன்று. பேப்பர்காரர்கள் என்ன எழுதினாலும் அவள் நம்பியது அந்த மூடிகளைத்தான். தினமும் அவள் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும் முன் என் கடைசித் தம்பி கேட்பான்: "எத்தனை மூடி?"

"இருபத்திமூணு."

மறுநாள் இருபத்துமூன்று. மறுமாதமும் இருபத்துமூன்று. ஒரு வருஷம் போல அந்த எண்ணையே கேட்டுக்கொண்டிருந்தோம். பார்க்க வருகிறவர்கள் வேறு, "இனிமே ப்ளேனெல்லாம் ஆளில்லாமலே ஓடுமாமே" என்று ஒரு குண்டைப் போட்டுவிட்டுக் காபி குடிப்பார்கள். "உங்க அப்பார்ட்மென்ட் லிஃப்டும் தானாத்தான் ஓடுது. நடுவுல நின்னா எங்க அப்பாவைத்தானே கூப்பிடறீங்க?" என்பாள்.

ஒருநாள் வாசற்படியிலிருந்தே கத்தினாள்: "இருபத்திரெண்டு!"

பதினாலு மாதமாக நின்ற ஒன்றை அன்றைக்கு அவள்தான் இழுத்து வெளியே விட்டாள். சக்கரம் நின்ற இடத்தில் தரை பள்ளமாகியிருந்ததாம். வால் பக்கம் ஒரு குருவிக்கூடு இருந்ததாம். அதை விசில் தொப்பியில் ஏந்திக்கொண்டு போய் வேலி ஓரமாக வைத்தாராம். பிறகு இருபது, பதினேழு, பதினாலு. மேசையில் அந்த எண்ணைக் கேட்காமல் யாரும் சோற்றில் கைவைப்பதில்லை. பதினொன்று என்று வந்த வாரத்தில், செத்துக் கிடந்த ரன்வே குழு திடீரென்று அலறியது. ஒரு கம்பெனி ஆள் எடுக்கிறது! ஆறு இடம். விண்ணப்பித்தவர்கள் அறுநூற்று முப்பது பேர்.

அப்போது பென்சில் தேதிக்கு நாலு மாதம் பாக்கி.

எழுத்துப் பரீட்சையில் அறுநூறு பேர் கழிந்தார்கள். இவள் மிஞ்சினாள். அடுத்தது சிமுலேட்டர். அது நகராத விமானம். உள்ளே எல்லாம் உண்மை மாதிரியே இருக்கும், கண்ணாடிக்கு வெளியே சினிமா மாதிரி ஓடுபாதை காட்டுவார்கள். எங்கள் பீரோதான், கொஞ்சம் வசதியாக. இடது சீட்டில் கம்பெனியின் கேப்டன் ஒருவர், வலது சீட்டில் இவள், பின்னால் பரீட்சை வைக்கிறவர். அவரே கீழே நின்று வண்டி தள்ளுகிறவராகவும் குரல் கொடுப்பார். அன்று மாலை வந்து அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"தள்ளி முடிஞ்ச மாதிரி படத்துல காட்டினாங்க அத்தை. கீழ இருக்கறவர்தான் 'பிரேக் போடுங்க'ன்னு சொல்லணும். அவர் வாயைத் திறக்கறதுக்குள்ள நான் சொல்லிட்டேன்."

"எதை?"

"எல்லாத்தையும்! 'பிரேக் போடுங்க கேப்டன், கம்பியைக் கழட்டறேன், இடது பக்கம் பாருங்க, நல்லபடியா போயிட்டு வாங்க'ன்னு மொத்தத்தையும் கடகடன்னு ஒப்பிச்சுட்டேன்."

என் தம்பி மனைவி தலையில் கைவைத்தாள்.

"பின்னாடி இருந்தவர் கேட்டார், 'ஏம்மா, நீங்க உள்ள இருக்கீங்களா, கீழ இருக்கீங்களா?'ன்னு. 'மன்னிக்கணும் சார், ரெண்டு வருஷமா கீழதான் இருக்கேன்'னு சொன்னேன்."

"அதோட விட்டியா?"

"சரி, கிளம்பலாம்னார். எனக்குக் கை வரலைம்மா. 'பின் காட்டலையே சார்'னேன். 'இது சிமுலேட்டர்மா, இங்க ஏது பின்'னார். 'காட்டினா கிளம்பலாம் சார்'னேன்."

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியாடி நீ?"

"அப்புறம் என் தோளுக்குப் பக்கத்துல ஒரு கை வந்துச்சு. சட்டைப் பையில இருந்த சிவப்புப் பேனாவை எடுத்துத் தூக்கிக் காட்டினார்."

"நீ?"

"கையசைச்சேன். 'பின் பாத்தாச்சு'ன்னேன். கிளம்பிட்டோம்."

என் தம்பிதான் மெதுவாகக் கேட்டான்: "இறங்கினது எப்படி?"

"பூ மாதிரி, ப்பா."

பட்டியல் வந்தது. ஒன்பது பேர் தேறியிருந்தார்கள். இடம் ஆறு. இவள் எட்டாவது. யாராவது இரண்டு பேர் வராவிட்டால்தான் உண்டு. ஒன்பதாவது யார் என்று பார்த்தால், கூடப் படித்த அந்த ஜிம்காரன். அவன் அழைத்தான். ஃபோனை மேசைமேல் வைத்துச் சத்தமாகப் போட்டாள்.

"ரிவர்ஸ், உனக்கு முன்னாடி ரெண்டு பேர் விழணும்னு வேண்டிக்கறேன். அப்புறம் நீயும் விழணும்."

"நான் விழ மாட்டேன்டா. நீ தண்டால் எடு."

நாட்கள் போயின. மூடிகள் ஒன்பதாயின. பென்சில் தேதிக்கு ஒரு மாதம், பதினைந்து நாள், பத்து நாள். அவள் வழக்கம்போல நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள், நான் வழக்கம்போல எழுத்துக்கூட்டி வாசித்தேன். ஆனால் அவளுடைய அம்மா அந்த நாட்களில் துண்டு கேட்டு வரவில்லை. துணிகளைக் காலையிலேயே எடுத்து வெளியே வைத்துக்கொண்டாள். கல்யாணப் பேச்சும் இல்லை.

தேதிக்கு நாலு நாள் இருக்கும்போது, சாயங்காலம் நாலே காலுக்கு என் பட்டன் ஃபோன் அடித்தது. ஒரு பெண் குரல், இரைச்சல் எதுவும் இல்லாமல், தேன் மாதிரி. விமானக் கம்பெனி ஆபீஸ். அவள் ஃபோனுக்குப் போட்டுப் பார்த்தார்களாம், எடுக்கவில்லையாம். எப்படி எடுப்பாள்? வண்டி ஓட்டும்போது ஃபோன் லாக்கருக்குள் பூட்டியிருக்கும். கண் பரிசோதனையில் ஒருவர் போய்விட்டார், வெளிநாட்டு வேலைக்கு ஒருவர் போய்விட்டார். இடம் இவளுக்கு. ஆனால் ஐந்து மணிக்குள் அவள் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஒன்பதாவது ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

எழுதிக்கொள்ளத் தாள்கூட இல்லை. ஆனால் இரண்டு வருஷமாக அவள் திருப்பிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேனே! என் வாய் தானாகத் திறந்தது.

"திருப்பிச் சொல்றேன்மா. திங்கக்கிழமை, காலையில எட்டு மணி, மூணாவது மாடி. லைசென்ஸ் அசல், மெடிக்கல் அசல், ரெண்டு ஃபோட்டோ. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள அவளே பேசணும். சரியா?"

அந்தப் பெண் "சரிதாங்க" என்றாள். "நீங்களும் பைலட்டாங்க?"

அதற்குப் பதில் சொல்ல நேரமில்லை. வைத்துவிட்டேன். அவளை எப்படிப் பிடிப்பது? ஆட்டோ பிடித்துப் போகலாம் என்றால் விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம், போனாலும் வாசலைத் தாண்டி விட மாட்டார்கள். என் தம்பி எங்கோ ஒரு லிஃப்டுக்குள் தலைகீழாக இருந்தான். தம்பி மனைவி அறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தாள். "அண்ணி, ஏதாவது பண்ணுங்க. அண்ணி, ஏதாவது பண்ணுங்க." கல்யாணம் கல்யாணம் என்று நின்றவள் அவள்தான்.

எனக்குச் சட்டென்று நினைவு வந்தது. ராங் நம்பர்! அன்றைக்குப் பேசியவரின் நம்பரை அவளே என் ஃபோனில் போட்டு வைத்திருந்தாள். தேடி அழுத்தினேன். அதே இரைச்சல்.

"யாரு?"

"ரிவர்ஸ் இருக்காங்களா?" என்று கத்தினேன்.

"நீங்க யாரும்மா?"

"ரிவர்ஸோட அத்தை! கம்பெனியில கூப்பிட்டுட்டாங்க! அஞ்சு மணிக்குள்ள பேசணுமாம்! இல்லைன்னா ஒம்பதாவது ஆளுக்குப் போயிடுமாம்!"

"ஐயையோ, அவங்க ஒம்பதாம் நம்பர் ஸ்டாண்டுல தள்ளிட்டிருக்காங்களே" என்றார். பிறகு விசில் சத்தம் கேட்டது. ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டே ஓடுகிறார் என்று தெரிந்தது. காற்று, மூச்சு, விசில், மறுபடி காற்று. நாலரை. தம்பி மனைவி என் தோளோடு ஒட்டி நின்று தன் காதையும் ஃபோனில் வைத்துக்கொண்டாள்.

அங்கே நடந்ததை விசில் பிறகு சொன்னார். அவர் போய்ச் சேர்ந்தபோது அவள் ஒரு விமானத்தைப் பாதி தூரம் தள்ளியிருந்தாள். இவர் பக்கத்தில் ஓடிக்கொண்டே கையை ஆட்டி, "ரிவர்ஸ், வேலை வந்துருச்சு! நான் ஓட்டறேன், நீ இறங்கு!" என்று கத்தினாராம். அவள் காதில் ஹெட்செட். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். கண் மட்டும் பெரிதானது. ஸ்டியரிங்கில் இருந்த கை அசையவில்லை. தள்ளிக்கொண்டுபோய், திருப்பி, கோட்டில் நிறுத்தினாள். பிரேக் போடச் சொன்னாள், போட்டாச்சு என்று கேட்டாள். கம்பியைக் கழற்றினார்கள். பின்னை உருவினாள். ஓடவில்லையாம். எப்போதும் நடக்கிற அதே நடை. தன் இடத்துக்குப் போய் நின்று, சிவப்பு நாடாவோடு கையை உயர்த்திக் காட்டினாள். மேலே பைலட் கையசைத்தார். விமானம் திரும்பிப் போகிறவரை கை இறங்கவில்லை. அதற்குப் பிறகுதான், "அந்த ஓட்டம் ஓடினாங்க பாருங்கம்மா, எஞ்சின் வச்ச மாதிரி" என்றார்.

நாலு ஐம்பத்திரண்டுக்கு அவள் கம்பெனிக்குப் பேசினாள். நாலு ஐம்பத்தெட்டுக்கு எங்களுக்கு.

"அத்தை! திங்கக்கிழமை, எட்டு மணி, மூணாவது மாடி!"

"கேட்டுச்சுடி!" என்றேன். எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. தம்பி மனைவி ஃபோனைப் பிடுங்கி, அதில் அழுதுவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். மாலையில் கிரீஸ் கையோடு வந்த என் தம்பி, விஷயத்தைக் கேட்டுச் செருப்பைக் கழற்ற மறந்து கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டான். வந்தவன் வழக்கம்போல, "எத்தனை மூடி?" என்றுதான் கேட்டான்.

அவள் புறப்பட்டுப் போய் ஏழு வாரமாகிறது. ஆறு மாதப் பயிற்சி. அது முடிந்தும் ஒரு வருஷம் பக்கத்திலேயே ஒருவர் கவனித்துக்கொண்டு வருவாராம். இன்னும் எத்தனையோ பரீட்சை இருக்கிறது. விசில் இப்போதும் என் ஃபோனுக்குத்தான் பேசுகிறார். "அத்தை, ரிவர்ஸ்கிட்ட சொல்லுங்க, இன்னைக்கு மூணு மூடி." மூன்றான அன்றைக்கு, இவளுக்கு மூன்று மாதம் பின்னால் லைசென்ஸ் வாங்கிய ஜிம்காரனுக்கும் அழைப்பு வந்துவிட்டது. இரும்புக்கடைத் தம்பி, பார்க்கிறவர்களிடமெல்லாம், "எங்கண்ணிக்குத் தெரியும், முதல்ல இடம் குடுக்கறேன்னு சொன்னதே நான்தான்" என்கிறானாம். நான் அவனுக்கு அண்ணி இல்லை, அக்கா. சந்தோஷத்தில் முறையே மறந்துபோய்விட்டது அவனுக்கு.

பீரோவுக்குள் படத்தை யாரும் கிழிக்கவில்லை. பென்சில் தேதியும் அப்படியே இருக்கிறது. நேற்று என் தம்பி மனைவி முகம் கழுவிவிட்டு ஈரக் கையோடு அந்த அறைக்குப் போனாள். கதவு சாத்தியிருந்தது. விரல் முட்டியால் அதில் இரண்டு தட்டு தட்டி, ஒரு நிமிஷம் நின்று, பிறகுதான் திறந்து துண்டை எடுத்தாள்.

கடைக்குட்டி இப்போது ரயிலில் ஏழு மணி நேரம் போகிற தூரத்தில், கம்பெனிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், சிமுலேட்டரின் வலது பக்க சீட்டில் இருக்கிறாள்.